கிழக்கைப் பார்த்த கொம்பியூட்டர்

போன வருடம் எங்கள் வீட்டுக்கு இரண்டு கொம்பியூட்டர்கள் ஒன்றாக வந்தன. வீடு கட்டப்போகிறவர்களுக்கு, அத்திவாரம் வெட்டும் முன்பே அந்த வீட்டைப் படமாக்கிக் காட்டுவதுதான் மகளின் தொழில். பழைய மெசின் ஒரு படத்தை முடிக்கும்வரை பார்த்திருந்து அலுத்த ஆட்கள் வேறு இடம் போய்க்கொண்டிருந்தார்கள். மருதனார்மடத்துக் கடைக்காரர் இரண்டையும் இறக்கிவிட்டு, ஓட்டிப் பாருங்கள், வேண்டாததைப் பின்னேரம் ஏற்றுகிறேன் என்று போய்விட்டார். பிழையானதை வைத்துக்கொண்டால் பிறகு பல வருடத்துக்கு அதோடுதான் மாரடிக்க வேண்டும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மகளும் மருமகனும் வாக்குவாதப்பட்டதைக் கேட்டுத்தான் விளங்கிக்கொண்டேன். ஒன்றின் மூளை பழைய கொம்பியூட்டரின் வம்சம். கெட்டிக்காரன், ஆனால் கொதிப்பான். மற்றதின் மூளை கைத்தொலைபேசியில் இருக்கிற வகை. ஒவ்வொன்றாகப் பார்த்தால் மெதுவான சின்ன மூளைகள்; ஊர் கூடி வெங்காயம் நடுவதுபோல எல்லாம் சேர்ந்து வேலை செய்யும், சூடும் இல்லை, சத்தமும் இல்லை.

“இஞ்சையப்பா, உங்கடை மெசின் கரண்டைக் குடிக்கும். வெய்யிலுக்கை அந்த அறையிலை இருக்கேலாது,” என்றாள் மகள், புருசனிடம்.

“படம் கீறுற புரோகிராம் அதுக்கெண்டு எழுதினது. உம்மடையிலை மொழிபெயர்த்துத்தான் ஓடும். பொம்பிளை பாக்கப் போய், ஆள் வைச்சுக் கதைக்கிற மாதிரி,” என்றார் மருமகன்.

“நீங்கள் என்னைப் பாக்க வரேக்கை ஒரு சொல்லும் கதைக்கேல்லை. உங்கடை அப்பாதானே கதைச்சவர்.”

மருமகன் இரண்டையும் சன்னலுக்கு முதுகு காட்டி வைத்திருந்தார். என் வீட்டுக்காரர், இவர், வந்து பார்த்தார். “புதுச் சாமான் மேற்கைப் பாக்கிறதோ? கிழக்கை திருப்புங்கோ தம்பி.” மாமனாருக்கு மறுப்பு ஏது? மேசையை எதிர்ச்சுவரோடு ஒட்டி வைத்தார்கள். நான் சந்தனப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினேன்.

இரண்டிலும் ஒரே வீட்டுப் படத்தை ஓடவிட்டார்கள். முதலில் பழைய வம்சம் பாய்ந்து போனது. பிறகு மூச்சிரைத்து, மத்தியானத்துக்குள் பின்தங்கிவிட்டது. மகள் எனக்குக் கண் காட்டினாள். மருமகன் சோற்றைப் பிசைந்தபடி இருந்தார்.

சாப்பிட்டபின் வயர் ஒன்றைச் சரிபார்க்கப் பழைய வம்சத்துக்குப் பின்னால் கை விட்டவர் வெடுக்கென்று இழுத்தார். “சுவர் தோசைக்கல்லு மாதிரிச் சுடுது. பாவம், மூச்சு விட வழியில்லை.”

மகள் பேசாமல் இருந்திருந்தால் அவள்தான் வென்றவள். “அப்ப அது சரியான போட்டி இல்லை. சன்னலடிக்குக் கொண்டுபோய் முதல்லை இருந்து ஓட்டுவம்,” என்றாள். எல்லாரும் இவரைப் பார்த்தோம்.

“கிழக்கு பூசைக்குத்தான். பூசை முடிஞ்சுது தானே,” என்றார் இவர், தானே போட்ட சட்டத்தைத் தானே வளைத்து.

காற்றுப் பட்டதும் பழைய வம்சம் நிற்கவேயில்லை. மற்றது பாதி வழியில் இருக்க, இது அச்சுவேலியில் எழும்பப்போகிற வீட்டைக் கிணறும் முருங்கையுமாகக் கீறி முடித்தது. மகள் விரலை அசைக்க அந்த வீடு சுழன்றது. தோற்றவள் அவள், சந்தோசமும் அவளுக்குத்தான்.

கடைக்காரர் வந்தார். “அண்ணை, சத்தமில்லாததை ஏத்துங்கோ,” என்றாள் மகள்.

“அது திறம் சாமான் தங்கச்சி. கன பேருக்கு ஒரே நேரத்திலை, இரவு பகலா ஓடுற இடத்துக்கு உதுதான் வேணும்.”

“ஓமண்ணை,” என்றார் மருமகன். “சத்தமில்லாமல் இரவு பகலா ஓட எங்களுக்கு மாமி ஒராளே போதும்.”

கதவுச்சீலைக்குப் பின்னால் நின்ற நான் சிரித்துவிட்டேன். முற்றம்வரை கேட்டிருக்கும்.

“இப்ப அதுவும் போச்சு,” என்றார் இவர்.