ஹாஜறா டீச்சர் மாற்றாத சொல்

ஹாஜறா நிந்தவூரில் ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்தவர். 1979இல் ஆங்கிலப் பேச்சுப் போட்டியில் முதலாவதாக வந்த பிள்ளையை விட்டுவிட்டு, செல்வாக்குள்ள ஒருவரின் மகளை மேற்சுற்றுக்கு அனுப்பச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். அடுத்த மாதமே கோமாரிக்கு இடமாற்றம் வந்தது. அக்கரைப்பற்றில் பஸ் மாறிப் போக வேண்டிய தூரம். கையில் குழந்தை வேறு.

மேன்முறையீட்டை ஆங்கிலத்தில் அவரே எழுதினார். தன்னை 'ரோங்ஃபுலி' இடம் மாற்றியிருக்கிறார்கள் என்று முதல் வரியிலேயே இருந்தது. கல்விக் கந்தோரின் பிரதம லிகிதர் செல்லத்தம்பி அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"டீச்சர், இந்தச் சொல்ல மட்டும் மாத்துங்க. 'அன்ஃபெயர்லி' எண்டு போட்டா, எங்கட கந்தோர்ப் பெரியவர் இரக்கப்பட்டு மாற்றத்த ரத்துப் பண்ணிருவார்."

"ரெண்டும் அநியாயம்தானே சேர்?"

"தெரியாத மாதிரிக் கேக்காதீங்க. 'அன்ஃபெயர்லி' எண்டா அது உங்கட மனக்குறை. 'ரோங்ஃபுலி' எண்டா சட்டத்துக்கு மாறா நடந்திரிக்கி எண்டு அர்த்தம். அப்ப பிழை எங்கட பக்கம்."

"ஓம் சேர். அதத்தான் எழுதியிரிக்கன்."

கணவர் அபூசாலி தபால் கந்தோரில் வேலை செய்தவர். ஓரளவு ஆங்கிலம் தெரியும். அன்று பின்னேரம் அவரும் கேட்டுப் பார்த்தார்.

"'அன்ஜஸ்ட்லி' எண்டு நடுவால ஒண்டு இரிக்கே ஹாஜறா, அதப் போடன்."

"அதுல அநியாயம் இரிக்கி. ஆனா சட்டத்த மீறினது ஆர் எண்டு அத வெச்சிக் கேக்க ஏலா."

மறுநாள் மேன்முறையீடு அந்தச் சொல்லோடேயே போனது.

ஹாஜறா குழந்தையுடன் கோமாரியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கினார். முதல் மாரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது, சொல்லை மாற்றியிருக்கலாமோ என்று யோசித்ததுண்டு. மாற்றவில்லை.

1982இல் ஒருவழியாக விசாரணை வைத்தார்கள். சட்டமீறல் என்று எழுதியிருந்ததால் மேன்முறையீட்டை வெறும் முறைப்பாடாகத் தள்ளிவிட முடியவில்லை. இடமாற்றம் விதிப்படி நடக்கவில்லை என்று முடிவானது. இடமாற்றக் கடிதத்தில் கையொப்பமிட்டவர் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார்; அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

உடனே நிந்தவூருக்குத் திரும்பலாம் என்றார்கள். பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த கோமாரிப் பிள்ளைகளை நடுவில் விட்டுப்போக மனமில்லாமல், வருடக் கடைசிவரை ஹாஜறா அங்கேயே நின்றார்.

தையில் அபூசாலி வேன் பிடித்து வந்து சாமான்களை ஏற்றினார். பிள்ளை கோமாரிப் பிள்ளைகளைப் போலவே கதைக்கப் பழகியிருந்தது. திருக்கோவில் தாண்டும்வரை அதைக் கதைக்க வைத்து இருவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.