டீச்சர் பார்த்த புலி

அப்பாவின் தட்டிலிருந்த மீனை டீச்சர் தன் பக்கம் இழுத்து, முள்ளை எடுத்துவிட்டு, சதையை மட்டும் சோற்றின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தார். அப்பாவும் தினமும் நடப்பதுபோல் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். சுந்தரவனக் காட்டுக்குள் எங்கள் படகு நுழைந்த முதல் நாள் மதியம் அது. எதிரில் உட்கார்ந்திருந்த நான் என் தட்டைத் தள்ளி வைத்தேன்.

டீச்சர் எங்கள் ஊர்ப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளாமல் கள்ளக்குறிச்சியில் தனியாக இருந்தார். அம்மா இறந்த பிறகு அப்பாவும் தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் கழனியை ஒட்டிய வீட்டில் தனியாகத்தான் இருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் கொல்கத்தா பக்கம் சுற்றுலா போகிறார்கள், கூடவே தானும் போவதாக அப்பா போனில் சொன்னபோதே எனக்கு உறுத்தியது. கண்ணுக்கெதிரே இருக்கும் கல்வராயன் மலைக்கே ஆசைப்பட்டுப் போகாத மனிதர் அவர். வாத்தியார்கள் கூட்டத்தில் கரும்பு வைக்கிறவருக்கு என்ன வேலை என்று கேட்டேன். "டீச்சர்தாம்மா கூப்டாங்க" என்றார். அலுவலகத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நானும் கிளம்பினேன், காடு பார்க்க அல்ல.

படகிலேயே சமையல், படகிலேயே படுக்கை. கரையில் இறங்கக் கூடாது என்று வழிகாட்டி முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தண்ணீர் வடியும்போது சேறு தெரியும். சேறெங்கும் அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்கள் ஆணி அடித்தாற்போல் நிமிர்ந்து நிற்கும். நாம் புலியைப் பார்க்காவிட்டாலும் புலி நம்மைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும் என்றார் வழிகாட்டி. அன்றிலிருந்து எல்லாருடைய கண்ணும் கரையிலேயே இருந்தது. என் கண் மட்டும் படகுக்குள் இருந்தது.

பார்ப்பதற்கு நிறைய இருந்தது. விடிந்ததும் அப்பாவும் டீச்சரும் மேல்தட்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். அவர் அப்பாவை அண்ணே என்று அழைக்கவில்லை, பெயரும் சொல்லவில்லை. "கேட்டீங்களா" என்றுதான் பேச்சைத் தொடங்குவார், வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல. நான் படியேறும் சத்தம் கேட்டால் இருவரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். படிக்கட்டில் இறங்கும்போது டீச்சர் கை அப்பாவின் முழங்கையில் இருக்கும். கூட வந்த அம்மாக்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல் எனக்குத் தோன்றியது.

"இன்னாப்பா அவ்ளோ நேரம் பேசிக்கினு இருந்தீங்க?"

"சும்மாதாம்மா."

ஊருக்குத் திரும்பியதும் கல்யாணம் என்று சொல்லப்போகிறார்கள் என்றே முடிவு கட்டினேன். அம்மா படத்தை எங்கே மாட்டுவார்கள் என்பதுவரை யோசித்தாகிவிட்டது.

மூன்றாம் நாள் காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் படியேறி நின்றேன். பனி விலகிக்கொண்டிருந்தது. டீச்சர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

"கேட்டீங்களா, எடது பக்கம் சேத்துல மொதல ஒண்ணு படுத்துக்கினு இருக்குது. வாய தொறந்து வச்சிருக்குது. காஞ்ச தென்ன மட்ட மாதிரி நெறம். அதுக்குப் பின்னால மரத்தடியில மானு. குட்டிய நடுவுல வுட்டுட்டு நிக்குதுங்க."

"மொதல இருக்கிறது தெரியுமா அதுங்களுக்கு?" என்று கேட்டார் அப்பா. அவர் முகம் வலது பக்கம் திரும்பியிருந்தது.

பேப்பர் வாங்குவதை அவர் நிறுத்தியது, மொபெட்டை விற்றது, என் மகள் வரைந்த படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நன்றாயிருக்கிறது என்றது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

"எப்பலேர்ந்துப்பா?" என்றேன். இருவரும் திடுக்கிட்டார்கள்.

டீச்சர்தான் பேசினார். தியாகதுருகம் பஸ் ஸ்டாண்டில், கள்ளக்குறிச்சி என்று பெரிதாக எழுதியிருந்த பஸ்ஸுக்கு முன்னால் நின்றுகொண்டு, இது எந்த ஊர் பஸ் என்று அப்பா, யாரென்று தெரியாமல் அவரிடமே கேட்டிருக்கிறார். டீச்சர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறார். போன பார்வை திரும்பாது, மிச்சமிருப்பதும் குறையும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"என்கிட்ட ஏம்பா சொல்லல?"

"சொன்னா நீ உன் வூட்டுக்கு இட்டுக்கினு பூடுவ. கழனி பக்கம் வுட மாட்ட" என்றார். அப்புறம், கம்பியைப் பிடித்தபடி, "முழுசா இருட்டறதுக்குள்ள ஒரு காட்டப் பாத்துடலாம்னுதான் வந்தேம்மா" என்றார்.

அவர் சொன்னது சரிதான். அழைத்துப் போக வேண்டும் என்றுதான் அந்த நிமிடமும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அழைத்துப் போகவில்லை. அவர் கடைசிவரை கழனி வீட்டிலேயே இருந்தார். வரப்பில் கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு நடந்தார். டீச்சர் வாரந்தோறும் பஸ் ஏறி வந்தார். கல்யாணப் பேச்சு வரவே இல்லை. ஏன் வரவில்லை என்றும் எனக்குச் சந்தேகம்தான்.

படகுப் பயணத்தின் கடைசி நாள் நான் அப்பாவின் இன்னொரு பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஒரு குறுகலான ஓடையைத் தாண்டும்போது டீச்சர் சட்டென்று அவர் கையை அழுத்தினார்.

"புலி. கேட்டீங்களா, புலி. தண்ணி ஓரமா நிக்குது. நம்மளத்தான் பாக்குது."

அப்பா கம்பியைப் பிடித்து முன்னால் சாய்ந்தார். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் தாழை மாதிரி ஒரு புதர் மட்டும் ஆடியது. படகில் வேறு யாரும் பார்க்கவில்லை, வழிகாட்டியும் பார்க்கவில்லை. அப்பாவோ ஊருக்கு வந்த பிறகு டீக்கடையிலும் உரக்கடையிலும் புலியைப் பார்த்ததாகவே சொன்னார். காதின் கருப்பு, வாலின் வளைவு எல்லாம் சொல்வார்.

அப்பாவின் காரியம் முடிந்த பிறகு டீச்சர் வீட்டுக்குப் போனேன். டீ கொண்டுவந்து வைத்தார். இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன்.

"நெசமாவே அன்னிக்குப் புலி நின்னுச்சா டீச்சர்?"

"நீ என் மூஞ்சியதான பாத்துக்கினு இருந்த? கரைய எங்க பாத்த?" என்றார்.

அதைச் சொல்லும்போதும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியவில்லை.