ஜோடியில்லாத முப்பது கன்றுகள்

கிறிஸ்டினா அக்காவுக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக ஒரே வேலை: குறை கண்டுபிடிப்பது. தைத்து முடித்த ஷூக்கள் ஜோடி ஜோடியாக அவர் மேசைக்கு வரும். புரட்டுவார், வளைப்பார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். தையல் தப்பிய இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்று விழும். ஒரு ஷூவில் கோளாறு என்றாலும் ஜோடியே ரிஜெக்ட்.

அந்தப் பார்வையை ஷிஃப்ட் முடிந்ததும் கழற்றி வைக்க அவருக்குத் தெரியாது. அவர் கணவர் டேனியல் ஒருநாள் முதுகில் சிவப்பு அம்போடு பஜார் முழுக்கச் சுற்றிவிட்டு வந்தார். காலரில் நூல் பிரிந்திருந்ததாம்.

போன வருடம் பாலாற்றங்கரையில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த காட்டுத்துண்டை மீட்க வனத்துறை, கம்பெனித் தொழிலாளர்கள், மசூதிக் கமிட்டி, சர்ச் மாதர் சங்கம் எல்லாம் கைகோத்தன. நீர்மருது, நாவல், புங்கன் என்று இருநூறு கன்றுகள். குழி தோண்டியவர்கள் ஷூ கம்பெனி ஆட்கள். பழகிய கை, இரண்டிரண்டாகவே தோண்டியது. வனவர் பிரேம்நாத் அதை ஏதோ புது முறை என்று நினைத்து போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார்.

நிபந்தனை ஒன்றுதான். ஒரு வருடத்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து பிழைத்திருந்தால் காடு இவர்கள் பொறுப்பிலேயே இருக்கும். குறைந்தால் கேட்டுக்குப் பூட்டு.

கிறிஸ்டினா அக்கா ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. சர்ச் முடிந்ததும் புடவையைச் செருகிக்கொண்டு, இரண்டு கையிலும் குடத்தோடு வந்துவிடுவார். போன வாரத்தைவிட இந்த வாரம் நன்றாக இருக்கும் ஒரு பொருளை அவர் வேறெங்கும் பார்த்ததில்லை.

வருடம் முடிந்த அன்று கணக்கெடுக்கும் பொறுப்பை எல்லோரும் அவர் தலையிலேயே கட்டினார்கள். அவர் சொன்னால் மறுபேச்சு இருக்காது. காலையில் அம்பு ஸ்டிக்கர் சுருளோடு உள்ளே போனவர், பத்து மணிக்கு முகம் செத்துத் திரும்பினார்.

"நூத்துக்கு எழுபது பாஸ், முப்பது ரிஜெக்ட் சார்."

பிரேம்நாத்தின் பேனா நின்றது. "எழுபது பர்சன்ட்டா? அஞ்சு கம்மியா இருக்கே மேடம்!"

"நான் இன்னா சார் பண்றது? இருக்கறதத்தான சொல்ல முடியும்?" கையெழுத்துப் போட பேனாவை வாங்கிக்கொண்டார்.

தையல் லைனில் வேலை செய்யும் புஷ்ராவுக்குச் சந்தேகம். உள்ளே ஓடிப் பார்த்துவிட்டு மூச்சிரைக்க வந்தாள். "அக்கா, இன்னாக்கா இது! அந்த முப்பது ஜோடிலயும் ஒண்ணுதான் செத்திருக்கு. இன்னொண்ணு ஜம்முனு நிக்குது. அது மேலயும் ரிஜெக்ட்டுனு ஒட்டி வச்சிருக்கியே!"

"ஜோடில ஒண்ணு போச்சுன்னா ரிஜெக்ட்தான். ஒத்த ஷூவ எந்தக் கடையில விப்ப நீ?"

"இது ஷூ இல்லக்கா, மரம்!"

"எதுவா இருந்தா இன்னா? இருபத்திரண்டு வருஷம் நான் ஒத்தைய பாஸ் பண்ணதே கிடையாது."

அப்போது கேட்டருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காவல்காரர் கன்னியப்பன் அதையும் தூக்கிக்கொண்டு வந்து, வலது காலை அதன் மேல் வைத்தார்.

"இத கொஞ்சம் செக் பண்ணும்மா."

கறுப்பு ஷூ. உயரமான அடி, அகலமான வாய். இடது காலில் சாதாரண ரப்பர் செருப்பு.

"ஆஸ்பத்திரில இந்தக் காலுக்கு மட்டும் அளவெடுத்து செஞ்சு குடுத்தது. ஜோடியே கிடையாது. அஞ்சு வருஷமா இதுலதான் நடக்கறேன். நான் பாஸா, ரிஜெக்ட்டா?"

அக்கா குனிந்தார். ஷூவைப் புரட்டினார், வளைத்தார், ஒரு கண்ணை மூடினார். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"பக்கத்துல தையல் விட்டிருக்கு" என்று ஒரு அம்பை ஒட்டினார்.

"அது கிடக்கட்டும்மா. நடக்குதா இல்லையா?"

அக்கா பேனாவைப் பிரேம்நாத்திடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஸ்டிக்கர் சுருளை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி காட்டுக்குள் போனார். ஒவ்வொரு கன்றாக நின்று, தளிரில் ஒட்டியிருந்த அம்பை இலை கிழியாமல் நகத்தால் உரித்தெடுத்தார். அதற்கு ஒரு மணி நேரம் ஆனது.

"இருநூறுல நூத்தி எழுபது. எழுதிக்கங்க சார்" என்று வந்து கையெழுத்துப் போட்டார். எண்பத்தைந்து பர்சன்ட். பிரேம்நாத் கைதட்டினார். புஷ்ரா விசிலடித்தாள். அக்கா மட்டும் ஃபாரத்தின் குறிப்புப் பகுதியில் ஒரு வரி சேர்த்தார்: 'முப்பதுக்கு ஜோடி தேவை.'

அடுத்த ஞாயிறு முப்பது கன்றுகளோடு ஊசியும் மெழுகு நூலும் கொண்டுவந்தார். கன்னியப்பன் ஷூவில் அம்பு அப்படியே இருந்தது.

"பிய்ச்சுப் போடறதுக்கு இன்னா?" என்றாள் புஷ்ரா.

"அவங்க ஒட்டனது. அவங்கதான் எடுக்கணும்" என்று காலை நீட்டினார் கன்னியப்பன்.