நாளை பள்ளி இல்லை என்று எழுதினேன்

எங்கள் பள்ளிக்கூடத்தின் இரும்புக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. சிமென்ட் பூசிக் கறுப்பு அடித்தது. மழைக்காலத்தில் உப்புக்காற்று அதன் ஓரங்களைத் தின்னும். வெயில் காலத்தில் அதே காற்று எழுத்தைத் தின்னும். திருவொற்றியூரில், எண்ணூர் விரைவுச் சாலைக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற குப்பத்தின் மாநகராட்சித் தொடக்கப் பள்ளி அது. இரண்டு அறை, இரண்டு டீச்சர், ஒரு பூவரச மரம். என் மகள் அங்கே நான்காம் வகுப்பு. பலகையில் எழுதுகிறவன் நான்.

எனக்கு அந்த வேலை வந்தது கையெழுத்தால். கண்டெய்னர் யார்டு வாசலில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதுகிறவன் நான். நாளெல்லாம் எண்கள். எழுத்து எழுதக் கை ஏங்கும். பெற்றோர் கூட்டத்து நோட்டில் நான் போட்டிருந்த பெயரைப் பார்த்துத் தலைமை ஆசிரியை கேட்டார், "சார், போர்டு எழுதறீங்களா? நான் எழுதினா கோழி கிளறின மாதிரி இருக்கு." எங்கள் பிள்ளைகள் அவரைப் பெரிய டீச்சர் என்பார்கள். தாம்பரத்திலிருந்து இரண்டு ரயில் மாறி வருகிறவர்.

வழக்கம் இதுதான். கடைசி வகுப்பில் பிள்ளைகள் எழுந்து செய்தி சொல்வார்கள். உலகச் செய்தி கூடாது, அதைத் தொலைக்காட்சி சொல்லிக்கொள்ளும். தெருச் செய்தி, வீட்டுச் செய்தி, வகுப்புச் செய்தி. அதில் மூன்றைப் பெரிய டீச்சர் ஒரு துண்டுத்தாளில் குறித்துக் கதவில் செருகிவிட்டு ரயிலுக்குப் போய்விடுவார். வேலை முடிந்து வந்து நான் எழுதுவேன்.

மூன்றாம் வகுப்பு மாணவிக்கு முன்பல் விழுந்தது. பல் கூரையில் எறியப்பட்டது. வெள்ளிக்கிழமை தண்ணீர் லாரி வராது. பள்ளி மதிலில் வலை உலர்த்த வேண்டாம். காலைக் கிச்சடியில் காரம் அதிகம், டீச்சரும் அழுதார்.

பிள்ளைகளுக்கென்று தொடங்கியதைத் தெருவே படித்தது. காலையில் மீன் அன்னக்கூடையோடு போகும் பெண்கள் நின்று படித்தார்கள். ஆட்டோவை நிறுத்தி, கால் ஒன்று உள்ளே ஒன்று வெளியே வைத்துப் படித்தார்கள். பெற்றோருக்கு வாட்ஸ்அப் குழு ஒன்றும் இருந்தது. அதில் விடிந்தால் பூங்கொத்துப் படம், பொழுது சாய்ந்தால் பூங்கொத்துப் படம். நம்பியதென்னவோ பலகையைத்தான்.

அப்படி நம்பியவர்களில் ஒருத்தி, காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத் தெருவாக விற்கிறவள். எங்கள் சந்திலேயே நாலு வீடு தள்ளி. அவள் மகள் ஒன்றாம் வகுப்பு. என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு குத்து வைப்பாள்.

"இன்னா நைனா, எதிர்வூட்டுப் பல்லுலாம் நூஸ்ல வர்து. எங்க வூட்டுக் கொயாயில ஒரு மாசமா தண்ணி வர்ல. அது எப்ப வரும்?"

"உங்க பொண்ணு எழுந்து சொல்லணும். பெரிய டீச்சர் எழுதிக் கொடுக்கணும்."

"அது வாயத் தொறந்தா தானே? என்னாண்டதான் வாயி. இஸ்கூல்ல ஊமக்கோட்டான்."

அந்த ஐப்பசியில் பெரிய டீச்சர் பெற்றோரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். சுற்றி வளைக்கவில்லை. எங்கள் பள்ளியைச் சாலைக்கு மேற்கே இருக்கிற பெரிய பள்ளியோடு சேர்த்துவிடலாமா என்று அலுவலகத்தில் யோசிக்கிறார்களாம். பிள்ளைகள் குறைவு. ஒரு நாள் சொல்லாமல் வந்து பார்ப்பார்களாம்.

"அன்னைக்கு யார் யார் உட்கார்ந்திருக்காங்களோ அதை வச்சுத்தான் எழுதுவாங்க. அதனால தயவு பண்ணி ஒரு நாள்கூட வீட்டுல நிறுத்தாதீங்க."

சாலைக்கு மேற்கே என்றால் சாலையைத் தாண்ட வேண்டும். துறைமுகம் போகிற பக்கம் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன் வாலை ஒன்று முகர்ந்தபடி வரிசையில் நிற்கும். எப்போது நகரும் என்று அவற்றுக்கே தெரியாது. திரும்புகிற பக்கம் காலி வண்டிகள் காற்றாய் வரும். நிற்கிற இரண்டு லாரிக்கு நடுவே நுழைந்து, பறக்கிற லாரிக்கு முன்னால் வெளிப்பட வேண்டும். பெரியவர்களே சாமி கும்பிட்டுத்தான் கால் வைப்போம்.

மீன்காரி எழுந்தாள். "நான் விடியறதுக்கு முன்னாடியே காசிமேடு பூட்றேன். எம் பொண்ணு தானே எயுந்து, தானே சட்டையப் போட்டுகினு வர்து. இங்கன்னா வர்து. ரோட்டத் தாண்டி யாரு இட்டுகினு போவா? நான் வூட்லயே உக்கார வச்சிடுவேன், சொல்ட்டேன்."

அவள் மிரட்டவில்லை. நடக்கப்போவதைச் சொன்னாள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் ஒரு பிள்ளைகூட நிற்கவில்லை. மூக்கு ஒழுகிய பிள்ளை மூக்கோடு வந்தது. அப்புறம் அந்தச் சாயங்காலம்.

வானம் ஈயப் பாத்திரம் மாதிரி கவிழ்ந்துகிடந்தது. ஃபைபர் படகுகளைக் கூட்டமாகத் தள்ளிச் சாலையோரம் வரைக்கும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இஞ்சினைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஆட்கள் வீட்டுக்கு நடந்தார்கள். பிள்ளைகளைச் சீக்கிரம் அனுப்பிவிட்டதால் துண்டுத்தாளில் இரண்டே செய்திதான் இருந்தது. இரண்டையும் எழுதினேன். பலகையில் கீழே ஒரு வரிக்கு இடம் மீந்தது. வெற்றிடம் கண்டால் சும்மா இருக்காத கை எனக்கு.

மீன்காரி பின்னால் வந்து நின்றாள். "கூண்டு ஏத்திட்டாங்க நைனா. மூணாம் நம்பரு. எங்க வூட்டுக்காரரு ஹார்பர்லேர்ந்து போன் பண்ணாரு. நாளிக்கி இஸ்கூலு இல்லதானே?"

"இருக்காதுன்னு நெனைக்கிறேன்."

"நெனப்பு இன்னாத்துக்கு? எய்து. நாலு பேரு பாத்துட்டு வூட்ல இருப்பாங்கோ."

வெளியூர்க்காரருக்கு இது விளங்காது. எங்கள் பக்கம், துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் கடல் மூடிவிட்டது என்று பொருள். கடல் மூடினால் ஏலம் இல்லை, ஐஸ் கடை இல்லை, டீக்கடையில் பாதி அடுப்பு இல்லை. கடல் மூடியிருக்கும்போது பள்ளி மட்டும் எப்படித் திறந்திருக்கும்? நான் படித்த காலத்திலும் கூண்டு ஏறினால் புத்தகப்பையைத் தொடமாட்டோம். விடுமுறை விடுகிறவர் கலெக்டர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தது தலையில் இருந்தது. கை குப்பத்துக் கை. பெரிய டீச்சரைப் போனில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

நாளை பள்ளி இல்லை, என்று எழுதினேன். கொட்டை எழுத்து. முடிவில் அழுத்தி ஒரு புள்ளி வைத்தேன். அந்தப் புள்ளியை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

மறுநாள் விடிந்தபோது வானத்தைத் துடைத்து வைத்திருந்தார்கள். காற்று ஆந்திரா பக்கம் திரும்பிவிட்டது. எனக்கு வார விடுமுறை. மகள் மணலில் விளையாடப் போயிருந்தாள். ஒன்பது மணி இருக்கும், போன் அடித்தது. பெரிய டீச்சர்.

"சார், எங்க இருக்கீங்க? காலைச் சாப்பாடு வந்து, பாத்திரம் அப்படியே மூடிக் கிடக்கு. ரெண்டே ரெண்டு பிள்ளைங்க. போர்டுல என்ன எழுதி வச்சிருக்கீங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அவங்க வந்திருக்காங்க சார். இன்னைக்குப் பாத்து."

வந்திருந்த அந்த இரண்டு பிள்ளைகள் பீகாரிலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகள் என்பது பிறகு தெரிந்தது. அந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாருமில்லை. பலகையைப் படிக்க முடியாதவர்கள் மட்டுமே பள்ளிக்கு ஒழுங்காக வந்திருந்தார்கள்.

குழுவில் குரல்பதிவு போட்டேன்: பள்ளி உண்டு, உடனே அனுப்புங்கள். ஒருவரும் திறக்கவில்லை. செருப்பை உதறிவிட்டு மணலில் ஓடினேன். மகளிடம் சொன்னதுதான், என்னைத் தாண்டிப் பறந்தாள். சந்து சந்தாக அவள் குரல் கேட்டது: "இஸ்கூல் கீது! இஸ்கூல் கீது! எங்கப்பா தப்பா எய்திட்டாரு!"

பிள்ளைகள் வந்தார்கள். முழங்காலில் மணலோடு, தலையில் ஈரத்தோடு, சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு. படகு போகாததால் வீட்டிலிருந்த மீன்காரி தன் மகளோடு இன்னும் இரண்டு பேரை இழுத்து வந்தாள். ஒருத்தன் அவள் அக்கா மகன், மேற்கே ஆறாம் வகுப்பு படிக்கிறவன். இன்னொன்று மூன்று வயசுக் குழந்தை. சீருடைச் சட்டை கணுக்கால் வரைக்கும் தொங்கியது.

பெரிய டீச்சர் வாசலிலேயே மறித்தார். "இவன் ஆறாவது. இது பால்வாடி. ரெண்டு பேரும் வெளிய."

"அட இன்னா டீச்சரம்மா, உன் இஸ்கூலக் காப்பாத்தத்தானே இட்டாந்தேன்? ஓரமா குந்தட்டுமே."

"நம்ம பிள்ளைங்க வந்தா போதும். பொய்யா உட்கார வச்சா, உண்மையா உட்கார்ந்திருக்கிறதும் பொய்யாயிடும்."

குழந்தை மட்டும் கிச்சடி சாப்பிட்டுவிட்டுப் போனது.

உள்ளே நாற்காலியில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். கண்ணாடி போட்ட, குரல் உயராத அம்மா. பதிவேட்டையும் பெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தார். வருகை பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றுவிட்டது. மிச்சப் பேர் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

"தினமும் இந்த நேரத்துக்குத்தான் வருவாங்களா?"

"இல்லம்மா," என்றேன். "வெளியே பலகையில எழுதினது நான். தப்பு என்னுது. கூண்டு ஏறிடுச்சுன்னு எழுதிட்டேன்."

"கூண்டு ஏறினா? கலெக்டர் சொன்னாத்தானே லீவு?"

ஜன்னலுக்கு வெளியிலிருந்து மீன்காரியின் குரல் வந்தது. "கலெக்டரு யோசிச்சிகினு கீறாரும்மா. கூண்டு ஏறிட்ச்சி."

அதிகாரி சிரித்த மாதிரி இருந்தது. ஆனால் எழுதுவதை நிறுத்தவில்லை. மேற்குப் பள்ளி நடக்கிற தூரம்தானே என்றார். பெரிய டீச்சர் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். "வாங்கம்மா, நடந்து பாத்துடலாம். சார், நீங்களும் வாங்க."

சாலைக்குப் போனோம். நிற்கிற லாரிகளுக்கு நடுவே அதிகாரி புடவையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு நுழைந்தார். அந்தப் பக்கம் வெளிப்பட்டதும் நின்றோம். ஒரு காலி டிரெய்லர், இன்னொன்று, இன்னொன்று. ஒவ்வொன்றும் போகும்போது காற்று அறைந்தது. சாலையே பேசட்டும் என்று பெரிய டீச்சர் விட்டிருந்தார்.

அப்போதுதான் ஒரு லாரி பிரேக் போட்டு எங்கள் முன்னால் நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, கையை வீசி, போகச் சொன்னான். யார்டில் தினமும் என்னிடம் நம்பர் சொல்லிவிட்டுப் போகிறவன்.

"நிறுத்துறாங்களே," என்றார் அதிகாரி.

பெரிய டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் பலகையை எழுதிய பாவமும் சேர்ந்திருந்தது.

"போப்பா, நிக்காத," என்று கத்தினேன்.

"இன்னா மாமு, உனுக்காவ நிக்கிறேன், போவச் சொல்றியே?"

"எனக்காக நிக்கிற. இந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைங்க நின்னா நிப்பியா?"

அவன் முகம் சுண்டிப்போனது. பின்னாலிருந்து ஹாரன் காதைக் கிழித்தது. அவன் திரும்பியும் பார்க்கவில்லை. "மாமு, நானும் புள்ள பெத்தவன். இந்த ஒசரத்துல குந்திகினு பாத்தா கண்ணாடிக்குக் கீய இன்னா நிக்குதுன்னே தெரியாது. தெரிஞ்சா நிக்க மாட்டனா?"

சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான். அதிகாரி தன் இடுப்புக்குக் கீழே, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் உயரத்தில் கையை வைத்துப் பார்த்தார். அப்புறம் அடுத்த லாரியின் முகப்பைப் பார்த்தார். நாங்கள் மேற்குப் பக்கம் போய்ச் சேரவே இல்லை. நின்ற இடத்திலேயே நோட்டைத் திறந்து ஏதோ எழுதிக்கொண்டார்.

திரும்பி வந்ததும் பெரிய டீச்சர் சுண்ணாம்புக்கட்டியை என் கையில் கொடுத்தார். பிள்ளைகளையெல்லாம் வாசலில் நிற்க வைத்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நேற்றைய செய்தி தவறு. எழுதியவர் விசாரிக்கவில்லை. என் மகள் எல்லோருக்கும் கேட்கும்படி எழுத்துக்கூட்டிப் படித்தாள், எழுத்துக்கூட்டாமலே படிக்கத் தெரிந்தவள்.

பிறகு இரண்டு வாரம் சந்தில் தலைகாட்ட முடியவில்லை. "நைனா, நாளிக்கி சூரியன் உண்டா?" "மாமு, இன்னிக்கி இன்னா கெழம, போர்டப் பாத்துட்டு வந்து சொல்றியா?" தாங்கிக்கொண்டேன். யார்டில் அந்த ஓட்டுநர் மட்டும் கொஞ்ச நாள் நம்பரைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

கடிதம் மார்கழியில் வந்தது. இந்தக் கல்வியாண்டில் பள்ளி இதே இடத்தில் தொடரலாம். சாலையைக் கடக்கும் வசதி குறித்து ஆராய்ந்தபின் மறுபடி முடிவெடுக்கப்படும். பெரிய டீச்சர் படித்துவிட்டு மடித்து வைத்தார். "மறுபடின்னு போட்டிருக்காங்க, பாத்தீங்களா?" என்றார். அன்றைய துண்டுத்தாளில் அதுதான் முதல் செய்தி. ஒவ்வொரு செய்திக்குக் கீழும், சொன்னவர் யார் என்று எழுத வேண்டும் என்பது புது விதி. சொன்னவர்: கல்வி அலுவலகம்.

இரண்டாவது செய்தி: கடைசிச் சந்தில் குழாயில் தண்ணீர் வரவில்லை. சொன்னவர்: ஒன்றாம் வகுப்பு மாணவி. மீன்காரியின் மகள் எழுந்து நின்று வாயைத் திறந்திருக்கிறாள்.

அந்த மாதமே இன்னொரு தரம் கூண்டு ஏறியது. படகுகள் மேலே வந்தன, இஞ்சின்கள் தோளில் போயின. பலகையில் ஒரு வரிக்கு இடம் மீந்தது. மீன்காரி வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இஸ்கூலு கீதா இல்லியா? ஒயுங்கா எய்து."

பெரிய டீச்சருக்குப் போன் போட்டேன். ரயிலில் இருந்தார், இரைச்சலுக்கு நடுவே, இன்னும் அறிவிப்பு வரவில்லை என்றார். எழுதினேன்: கூண்டு ஏறியிருக்கிறது. நாளை பள்ளி உண்டா என்று இன்னும் தெரியாது. காலையில் கதவைப் பார்க்கவும்.

அவள் படித்தாள். "தெரியாதுன்றத எய்த ஒரு போர்டு, அதுக்கு ஒரு ஆளு," என்றாள்.

காலையில் தூறல். விடுமுறை அறிவிப்பு எதுவும் இல்லை. நான் வேலைக்குப் போகிற வழியில் பார்த்தேன். கதவு இன்னும் திறக்கவில்லை. அவள் மகள் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்தபடி, கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.