தோய்க்கக் கூடாத சம்பியன்கள்

மற்றவனுடைய வியர்வையில் பிழைக்கிற தொழில் உலகத்தில் இரண்டுதான்: ஒன்று முதலாளித் தொழில், மற்றது உடுப்புத் தோய்க்கிற என் தொழில்.

ஆஸ்பத்திரியிலோ ஹோட்டலிலோ ஊத்தைத் துணியோடு மல்லுக்கட்டுகிற என் இனத்தவரே, நான் சொல்வது உங்களுக்கு விளங்கும். ஸ்டுட்கார்ட்டில் ஒரு அமெரிக்கன் புட்போல் அணிக்கு நான் ஒரு சீசன் தோய்த்தேன். சம்பளத்துக்கு விளையாடுகிற அணி. பெயர் வேண்டாம், அவர்களுக்கு இலவச விளம்பரம் எதற்கு? என் ஒப்பந்தம் சீசன் முடியும் வரைதான். "கிண்ணம் வந்தால் உங்களை நிரந்தரமாக்குறன்" என்று மனேஜர் கை தந்தார்.

எனக்கு அந்தக் கிண்ணம் ஒரு பொருட்டில்லை, நிரந்தரம்தான் பொருட்டு. மனைவியும் வளர்ந்த இரண்டு பெண்பிள்ளைகளும் நானும் இரண்டு அறைக்குள் கிடந்தோம். பார்த்து வைத்த பெரிய வீட்டின் சொந்தக்காரி, நிரந்தர ஒப்பந்தத்தைக் காட்டினால்தான் சாவி என்றுவிட்டாள். ஆகவே அந்த விளையாட்டை மருந்துக்கும் மதிக்காத நான், அவர்கள் வெல்ல வேண்டும் என்று முருகனுக்கு நேர்த்தி வைத்தேன்.

கால் படாத புட்போல்

பெயர் புட்போல். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ஓடுகிறவன் மேல் ஐந்தாறு தடியர்கள் விழுகிறார்கள். பிறகு எல்லாரும் எழும்பி, வட்டமாக நின்று குசுகுசுத்துவிட்டுத் திரும்பவும் விழுகிறார்கள். ஒரு மணித்தியாலமும் இல்லாத ஆட்டத்தை மூன்று மணித்தியாலம் இழுக்கிறார்கள். அதைப் பார்க்க ஊரே பியரும் சொசேஜுமாக வந்து தொண்டை கிழியக் கத்துகிறது.

கிழிந்த சேட்டுகளைத் தைக்கப் புஷ்பா அக்கா வருவார். யாழ்ப்பாணத்து மனுசி, இங்கே கோயில் சபையிலும் இருக்கிறார். முதல் ஆட்டத்தை என்னோடு கம்பி வேலிக்குப் பின்னால் நின்று பார்த்தார். பாதியிலேயே தையல் பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பினார். "இதைவிட எங்கட கோயில் பொதுக்கூட்டத்தில நல்லா அடிபடுவினம், தம்பி. அங்க ரிக்கற் காசும் இல்லை."

தோய்க்காதே

அந்த முதல் ஆட்டத்தை வென்றார்கள், எனக்குச் சனியன் பிடித்தது. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற நட்சத்திரம் டெரல் என்ற அமெரிக்கன். அவன் தன்னுடைய பெனியனைத் தோய்க்கவே கூடாது என்றான். தோய்த்தால் வெற்றி தண்ணீரோடு போய்விடுமாம். அடுத்த வெற்றிக்குப் பிறகு மற்றவர்களுக்கும் அந்த நோய் தொற்றியது. ஒருவன் காலுறையை ஒளித்தான், ஒருவன் கையுறையை ஒளித்தான். கோச் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பையன்கள் சொல்கிறபடியே விடு என்றார். வெளியே தெரிகிற சேட்டுகளை மட்டும் தோய்த்தேன். கோடை வெயிலில் அவர்கள் உடுப்பு மாற்றுகிற அறையில் நிற்பதைவிட மாட்டுக் கொட்டிலில் படுக்கலாம்.

ஒருநாள் மனேஜர் விளம்பரம் தருகிறவர்களை அழைத்துவந்து கதவைத் திறந்தார். வந்த அம்மா ஒருத்தி உடனே மூக்கைப் பொத்தினார். மனேஜர் என்னை முறைத்தார். கோச்தான் தோய்க்க வேண்டாம் என்றவர் என்று நான் உண்மையைச் சொன்னேன். கோச் பக்கத்திலேதான் நின்றார். கண் இமைக்காமல் சொன்னார்: "இது ஜெர்மனி. எங்களிட்டை மூடநம்பிக்கை ஒண்டும் இல்லை."

தேசிக்காய்

மூடநம்பிக்கை இல்லாத அதே கோச்சின் கதைதான் இதுவும். அணிக்குப் புது பஸ் வந்தது. எலுமிச்சையை நாங்கள் தேசிக்காய் என்போம். புது வாகனம் என்றால் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்துத்தானே எடுப்போம்? பழக்க தோஷத்தில் நானும் வைத்தேன். அத்தனை பேரும் படமெடுத்துச் சிரித்தார்கள். அன்று வெளியூர் போய் எதிரணியை அடித்து நொறுக்கிவிட்டு வந்தார்கள். அடுத்த பயணத்தில் பஸ் புறப்படாமல் நிற்கிறது. கோச் படியில் நின்று என் கையைப் பார்க்கிறார். அன்றிலிருந்து தேசிக்காயும் என் தலையில் விழுந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கைவசம் இருக்கவில்லை. இந்த நாட்டில் ஞாயிறு ஏது கடை? வீட்டில் கிடந்த பெரிய மஞ்சள் எலுமிச்சை ஒன்றைக் கொண்டுபோனேன். விளையாட்டு விஞ்ஞானத்தில் பட்டம் பெற்ற கோச் அதை வாங்கி உருட்டி உருட்டிப் பார்த்தார். "போனமுறை வைச்சது சின்னன், பச்சை. ஆட்டத்தோட விளையாடாதேங்கோ."

இறுதி ஆட்டத்துப் பெனியன்

இப்படியே இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். மனேஜர் வந்து, தொலைக்காட்சி வருகிறது, ஒரு துணியும் நாறக் கூடாது, உங்கள் நிரந்தரம் இதில்தான் இருக்கிறது என்றார். அவர் போகக் கோச் வந்து, ஒன்றையும் தொடாதே, தோற்றால் பழி உன் மேல் என்றார். நாறினாலும் வீடு இல்லை, தோற்றாலும் வீடு இல்லை.

புஷ்பா அக்காதான் வழி சொன்னார். எல்லாவற்றையும் தோய்த்துவிடு, மற்றவர்கள் எடுத்துக் கொடுத்ததைப் போடுகிறவர்கள், டெரல் ஒருத்தன்தான் முகர்ந்து பார்த்துப் போடுகிறவன், அவனுடைய பெனியனை மட்டும் தோய்த்த பிறகு கருவாட்டோடு பையில் கட்டி வை என்றார். அலுமாரிகளின் சாவி என்னிடம்தான் இருந்தது. அந்தப் பெனியனைத் தோய்க்க, தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் ஓடியது. ஆட்டத்தன்று டெரல் பெனியனை முகத்தில் வைத்து, கண்ணை மூடி, ஆழமாக இழுத்தான். "ஓம், இதுதான். தோய்க்காத உடுப்பின்ர வாசமே தனி."

கிண்ணம்

வென்றார்கள். மேலேயிருந்து தங்கநிறக் கடதாசித் துண்டுகள் கொட்டின. மனேஜர் ஓடிப்போய், கமராக்களுக்கு முன்னால் டெரலைக் கட்டிப்பிடித்து, விடவே இல்லை. வேலிக்குப் பின்னால் நான் அழுதேன். விளையாட்டுக்காக அல்ல, வீட்டுக்காக. மனைவிக்கு போன் எடுத்து, சாமான்களைப் பெட்டி கட்டத் தொடங்கு என்றேன்.

திங்கட்கிழமை மனேஜர் கூப்பிட்டார். மேசையில் கிண்ணம் மினுங்கியது. தோய்க்கிற வேலையை வெளியே ஒரு சலவை நிறுவனத்துக்குக் கொடுத்தாயிற்று என்றார். அந்தப் பெரிய வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். கை தந்தீர்களே, கிண்ணம் வந்துவிட்டதே என்று அன்று கேட்டேன். மனேஜர் மூக்கைத் தேய்த்தார். "கட்டிப்பிடிச்ச எனக்கு இன்னும் மீன் மணக்குது. நாங்கள் இப்ப சம்பியன், தோய்க்கத் தெரிஞ்ச ஆள் வேணும்."

தோய்க்கவென்று போன எனக்கு, தோய்க்காமல் இருந்தவரைக்கும் வேலை இருந்தது, தோய்த்ததோடு போனது.