காத்துக்குக் குடிப்பது

மலேசியாவின் பாடாங் செராயில் நான் வேலை செய்யும் மருந்தகத்துக்கு, ரவிக்கை தைக்கும் அக்கா ஒருவர் தன் மாத்திரைப் பெட்டியோடு வந்தார். கவனச் சிதறலுக்காக மருத்துவர் கொடுத்த ஊக்க மருந்து அது. அதைத் தொடங்கிய பிறகுதான் சொன்ன நாளில் துணி கொடுக்க அவரால் முடிந்தது.

“இனி வேணாம்மா. காலையில நெஞ்சு படபடங்குது. மத்தியானம் பழையபடி கத்தரிக்கோல் எங்கன்னு தேடுறேன்.”

“வேற மருந்து ஏதாச்சும் சாப்பிடுறீங்களாக்கா?”

“ஒண்ணும் இல்லலா.”

சொல்லி முடிக்கும்போதே ஏப்பம் விட்டார். “காத்து,” என்று சிரித்தார்.

“காத்துக்கு என்ன குடிப்பீங்க?”

“நுரைக்கிற உப்புதான். தினம் காலையில, இந்த மாத்திரையோடவே. அது போய் மருந்தாம்மா?”

அந்த மாத்திரைக் கூட்டுக்குள் இருக்கும் சிறு மருந்து மணிகளில் பாதி, பிற்பகலுக்கென்று தாமதமாகக் கரைய வேண்டியவை. அந்த உப்பால் வயிற்றில் அமிலம் குறைந்தால் அவையும் காலையிலேயே கரைந்துவிடலாம். அதை விளக்கி அவருடைய மருத்துவரை அழைத்தேன். அவர் அன்றே அக்காவை நேரில் சோதித்துப் பார்த்து, உப்பை நிறுத்திவிட்டு மாத்திரையைத் தொடரச் சொன்னார்.

மறுவாரம் என் தீபாவளி ரவிக்கையைச் சொன்ன நாளிலேயே கொண்டுவந்தார்.

“நெஞ்சு சரியாப் போச்சும்மா. காத்துதான் அப்படியே இருக்கு. அதுக்கு மருந்து இல்லாத ஏதாச்சும் ஒண்ணு குடு.”