லாத்தாவும் மச்சானும் போய்வந்த தீவு

லாத்தா கடலில் இறங்கி நின்றதை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். ஒரு கையால் பர்தாவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்திருந்தாள். இன்னொரு கையில் செருப்புகள். தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஏறவில்லை; ஆனாலும் ஆற்றைக் கடக்கிறவள்போல ஒவ்வொரு அடியையும் சோதித்துச் சோதித்து வைத்தாள். காரைக்காலில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் எங்கள் தெருப் பெண்கள் பெருநாளுக்கு மறுநாள் கூட்டமாகப் போய் மணலில் உட்கார்ந்துவிட்டு வருவதோடு சரி. சுனாமிக்குப் பிறகு அதுவும் நின்றுபோனது. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, அந்தமானில் ஒரு சின்னத் தீவில்தான் கடல் அவள் காலைத் தொட்டது. கரையில் நின்றிருந்த மச்சான், “அந்தப் பக்கம் ஆழமா இருக்கப்போவுது, வந்துருங்க” என்றார். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்வதுபோல அத்தனை மரியாதையாக. லாத்தா உடனே திரும்பி வந்துவிட்டாள்.

எங்கள் வீடுகளில் அக்காவை லாத்தா என்போம், அவள் கணவரை மச்சான் என்போம். அவளுக்குக் கல்யாணம் ஆனபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். மச்சான் கல்யாணத்துக்கென்று சவூதியிலிருந்து வந்தவர். இரண்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பப் போனார். அங்கே ஒரு கட்டடக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். வந்தால் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். விருந்து, கல்யாணம், நாகூர், ஆஸ்பத்திரி என்று நாட்கள் ஓடிவிடும். பெட்டியில் கயிறு கட்டும்போதுதான் ‘அதற்குள்ளாகவா’ என்றிருக்கும். எங்கள் ஊரில் இதைச் சபர் என்பார்கள். பாதி வீடுகளில் ஆண்கள் சபரில்தான் இருந்தார்கள். அதனால் யாரும் லாத்தாவைப் பரிதாபமாகப் பார்த்ததில்லை. அவளும் அப்படிக் காட்டிக்கொண்டதில்லை.

அவளுக்குப் போன்தான் துணை. பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் மச்சான் அழைப்பார். முதலில் கடைத்தெரு டெலிபோன் பூத்தில் போய்க் காத்திருந்தாள், பிறகு வீட்டுக்கே போன் வந்தது, பிறகு கைப்பேசி. வீடியோவில் பேசலாம் என்று வந்த பிறகும் அவர்கள் இருவரும் அதை விரும்பவில்லை. குரல் மட்டும் போதும் என்பாள். கிளிஞ்சல்மேட்டு மீன்காரம்மா அன்றைக்கு என்ன கொண்டுவந்தாள், கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் எப்படிக் கழன்றது, மகளுக்கு எந்தப் பல் ஆடுகிறது, எல்லாம் சவூதிக்குப் போகும். அவர் அங்கிருந்து ஏதோ சொல்ல, லாத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். வேறு எந்த நேரத்திலும் அவளிடம் அந்தச் சிரிப்பு இருக்காது. நான் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிக் குடிவந்த பிறகும், அந்த நேரத்தில் அவள் வீட்டில் இருந்தால் வாசல் பக்கம் எழுந்து போய்விடுவேன். உள்ளே “போங்க, நீங்க ஒண்ணு” என்பது காதில் விழும். என் வீட்டிலோ, வீட்டுக்காரர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். சாப்பாட்டு நேரத்தில் உப்பைக் கேட்பதோடு சரி. அன்றைக்கெல்லாம் லாத்தாவைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது உண்மை.

மச்சான் ஒருவழியாகச் சவூதி வேலையை முடித்துக்கொண்டு வந்தபோது எங்களைப் பெற்ற உம்மா உயிரோடு இல்லை, மௌத்தாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. மகளும் கல்யாணமாகிப் பிரான்சுக்குப் போய்விட்டிருந்தாள். பெரிய வீட்டில் இரண்டே பேர். முதல் மாதம் பார்க்க வருகிறவர்களோடு போனது. பிறகு நான் போகும்போதெல்லாம் மச்சான் கூடத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருப்பார். லாத்தா அடுப்படியில் இருப்பாள். “சாப்புட்டாங்களா?” என்று அவள் என்னிடம் கேட்பாள், அவரிடம் போய் நான் கேட்பதற்காக. நான் சிரித்துக்கொண்டே கேட்டுவந்து சொல்வேன். புதுசில் எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன்.

தீவுக்குப் போகச் சொன்னது மகள். “வாப்பா வந்ததுலேருந்து நீங்க ரெண்டு பேரும் எங்கயுமே போவலயே” என்று அங்கிருந்தே எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிட்டாள். கூட்டமில்லாத இடமாக, கடலும் மணலும் மட்டும் இருக்கிற இடமாக அவளே தேடிப் பிடித்தாள். லாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீயும் ஒன் வீட்டுக்காரரும் வாங்கடி. தனியா போவ எனக்குப் பயமா இருக்கு” என்றாள். கப்பலுக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்தில் விடுப்பு சொல்லிவிட்டு வீட்டுக்காரரோடு கிளம்பினேன்.

போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் போய் இறங்கினோம். இறங்குதுறையில் ஒரு தகரக் கொட்டகை, இளநீர் விற்கும் ஒரு கிழவர், இரண்டு ஆட்டோக்கள். அதற்கப்புறம் பாக்குத் தோப்பும் தென்னந்தோப்பும்தான். கடலோரமாக மூங்கிலால் கட்டிய குடிசைகள். அவற்றில் இரண்டு எங்களுக்கு. சொந்தக்காரர் ஒரு வங்காளி. சாயங்காலம் சில மணி நேரம் ஜெனரேட்டர் ஓடும், மற்றபடி மின்சாரம் இல்லை. போன் எடுக்காது என்று அவர் சொன்னபோது லாத்தா தன் கைப்பையைத் திறந்து போனை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தாள். கடல் எங்கள் ஊர்க் கடல்போல இல்லை. அலை என்பதே பெயருக்குத்தான். தூரத்தில் பாறைகளில் தண்ணீர் வெள்ளையாக உடையும். கரைக்கு வரும்போது குளத்துத் தண்ணீர்போல அடங்கியிருக்கும். மரங்கள் கடலைப் பார்த்துச் சாய்ந்து கிடந்தன. சங்கைச் சுமந்துகொண்டு நடக்கும் நண்டுகள் காலடியில் ஊர்ந்தன. சத்தம் என்று ஒன்று வேண்டுமானால் நாமாகப் பேசினால்தான் உண்டு. அதுதான் அங்கே கஷ்டமாகிப்போனது.

மச்சான் பேசாதவர் என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்த வங்காளியோடு அவர் பேசியதைப் பார்த்திருக்க வேண்டும். சவூதியில் கற்ற இந்தியில் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். அந்த ஆள் விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் காலையில் மச்சான் அவருடைய சமையற்கட்டுக்குள் நுழைந்து, வாங்கி வைத்திருந்த மீனைத் தானே கழுவி, நறுக்கி, தேங்காய்ப் பால் ஊற்றி ஒரு மீன் ஆணம் வைத்தார். கேரளத்து ஆட்களோடு ஒரே அறையில் இருந்து பழகிய கை. புளியும் காரமும் நம் வீட்டுக் குழம்புபோல இல்லை, ஆனால் அவ்வளவு ருசி. எங்களுக்குப் பரிமாறிவிட்டு, தன் தட்டைத் தானே கழுவித் துடைத்து ஓரமாகச் சாய்த்து வைத்தார். கழுவும்போதே லாத்தா எழுந்து அதை வாங்கப்போனாள். “பரவால்லங்க” என்றார்.

அன்று மத்தியானம் குடிசைக்குப் பின்னால் துணி காயப்போடும்போது லாத்தா என்னிடம் சொன்னாள்: “அவங்களுக்கு ஆக்கத் தெரியும்னு எனக்குத் தெரியாதுடி. போன்ல, ‘ஆக்கித் தின்னேன் புள்ள’ன்னு சொல்லுவாங்க. எனக்காகச் சும்மா சொல்றாங்க, ஓட்டல்லதான் திங்கிறாங்கன்னு நெனச்சேன். இத்தன வருஷம் பாவப்பட்டுக்கிட்டே இருந்தேன்.” இன்னொரு துணியை உதறிக்கொண்டே, “கட்டில்ல சொவரோட ஒட்டிப் படுக்குறாங்க. எழுந்தா போர்வையை மடிச்சுப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டுறாங்க. இங்க யாரு எடுக்கப்போறா? நாந்தானே இருக்கேன்” என்றாள்.

சாயங்காலம் நானும் என் வீட்டுக்காரரும் வேண்டுமென்றே அவர்களைத் தனியாக விட்டுவிட்டு மணலில் வெகுதூரம் நடந்தோம். திரும்பிப் பார்த்தால், விழுந்துகிடந்த ஒரு மரத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இன்னொரு ஆள் உட்காரும் இடம் இருந்தது. நாங்கள் போய்த் திரும்பும்வரை அப்படியே இருந்தார்கள். கடல் செம்மண் நிறமாகி, பிறகு சாம்பல் நிறமானது. இருவரும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள்போல. நாங்கள் கிட்டே வந்தபோது மச்சான் வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தது தெரிந்தது. லாத்தாவும் சட்டென்று திரும்பினாள். அவர் குனிந்து காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

மஃரிப் தொழுதுவிட்டு லாத்தா எங்கள் குடிசைக்கு வந்தாள். என் வீட்டுக்காரர் வெளியே போனதும் கதவைச் சாத்திவிட்டு, “என்னடி பேசுறது?” என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. “நீ ஒன் வீட்டுக்காரர்ட்ட என்ன பேசுவே? சொல்லு. நானும் அதப் பேசுறேன்.”

என்ன சொல்வது? நாங்கள் ஒன்றும் பேசுவதில்லை என்பதுதான் உண்மை. ஆனால் எங்களுடைய ஒன்றுமில்லாததற்குப் பின்னால் சேர்ந்து பார்த்த காய்ச்சல்கள் இருந்தன, கத்திச் சண்டை போட்டுவிட்டு ஒரே பாயில் முதுகைக் காட்டிப் படுத்த இரவுகள் இருந்தன, அவர் குறட்டை இருந்தது. அதையெல்லாம் எடுத்துக் கொடுக்க முடியுமா? “நேத்து என்ன கனா கண்டீங்கன்னு கேளேன்” என்று ஏதோ உளறினேன். அவள் அதைப் பாடம்போல மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். கேட்டாளா என்று தெரியாது. அடுத்த நாள் காலையில்தான் அவள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கியதும், அவர் திரும்ப அழைத்ததும்.

போர்ட் பிளேர் துறைமுகத்தில் வந்து இறங்கியதும் எல்லாருடைய போன்களும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டன. என் வீட்டுக்காரர் பெட்டிகளை எடுக்கப் போனார். மச்சான் வண்டி பேசப் போனார். நானும் லாத்தாவும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் போன் அடித்தது. மகள்தான் என்று நினைத்தேன்.

“ஆங், சொல்லுங்க” என்றாள். அந்தக் குரல். பல மாதங்களாக நான் கேட்காத குரல்.

“வண்டி கேட்டுக்கிட்டு நிக்கிறேன் புள்ள. வெயில்லயா உக்காந்திருக்கே?” போனில் அவர் குரல் எனக்கும் கேட்டது.

“இல்லங்க, நெழல்லதான். நீங்க டீ குடிச்சீங்களா?”

அப்படியே பேச்சு வளர்ந்தது. தீவைப் பற்றி அவள் அவரிடம் சொன்னாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது என்றாள். நண்டு சங்கைத் தூக்கிக்கொண்டு ஓடியது என்றாள். மீன் ஆணம் அவ்வளவு நன்றாக இருந்தது, கொஞ்சம் எடுத்து வைத்துச் சாப்பிடலாம்போல இருந்தது என்றாள். அவர் அங்கே இல்லவே இல்லை என்பதுபோலச் சொல்லிக்கொண்டே போனாள். அவரும் “அப்புடியா, அப்புடியா” என்று கேட்டுக்கொண்டிருந்தார். லாத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். நூறு அடி தள்ளி, ஒரு தூணில் சாய்ந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மச்சான் நின்றிருந்தார். அவர் தோள்களும் சிரிப்பில் குலுங்கின. வண்டிக்காரர் பக்கத்தில் காத்து நின்றார். பிறகு மச்சான் போனைப் பையில் போட்டுக்கொண்டு எங்களை நோக்கி நடந்து வந்தார். நெருங்க நெருங்க அவர் முகம் மாறியது. லாத்தா எழுந்து பர்தாவைச் சரிசெய்துகொண்டாள். வண்டியில் ஏறிய பிறகு இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊருக்கு வந்து கொஞ்ச நாளில், அங்கே பழைய சிநேகிதர் ஒருவர் வேலை சொல்லியிருக்கிறார் என்று மச்சான் மறுபடி சவூதிக்குக் கிளம்பினார். இந்த வயதில் எதற்கு என்று எல்லாரும் கேட்டார்கள். மகள் போனில் அழுதாள். லாத்தா மட்டும் பெட்டியை அடுக்கிக் கொடுத்தாள். அவர் போய்ச் சேர்ந்த அன்றே மஃரிபுக்குப் பிறகு போன் வந்தது. லாத்தா முகத்தில் தெளிவு வந்துவிட்டது. நன்றாகச் சாப்பிட்டாள், உடம்புகூடக் கொஞ்சம் தேறினாள். அவர்களுக்கு வாய்த்தது இதுதான், இதுவாவது இருக்கட்டும் என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அதுவும் ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை. ஒருநாள் வேலைக்குக் கிளம்பும்போது மச்சான் அறையில் விழுந்துவிட்டார். பக்கவாதம். கூட இருந்தவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்து, உயிரைக் காப்பாற்றி, பல வாரங்கள் கழித்து ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். சக்கர நாற்காலியில் வந்தார். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சு அடியோடு போய்விட்டது. ஏதோ ஒரு சத்தம் மட்டும் தொண்டையிலிருந்து வரும். அது சரி என்கிறதா வேண்டாம் என்கிறதா என்று யாருக்கும் தெரியாது. பேச்சு இனிமேல் திரும்புவது கஷ்டம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

இப்போது லாத்தாதான் அவரைக் குளிப்பாட்டுகிறாள், துணி மாற்றுகிறாள், புரட்டிப் படுக்கவைக்கிறாள். ஒரு குறை சொல்ல முடியாது. தெருவில் எல்லாரும் அவளை மெச்சுகிறார்கள். “இப்பவாவது கூட இருக்காரே” என்று வந்து பார்க்கிறவர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். போன வாரம் பள்ளிக்கூடம் விட்டு அப்படியே அங்கே போனேன். நான் உட்கார்ந்திருக்கும்போதே பொழுது சாய்ந்து, பள்ளிவாசலில் மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. அவள் உள்ளே போய்த் தொழுதுவிட்டு வந்து, குழைத்த சோற்றை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு கட்டிலோரம் அமர்ந்தாள். “வாயத் தொறங்க” என்றாள். ஸ்பூனால் ஊட்டினாள். வாயோரம் வழிந்ததைத் துண்டால் துடைத்தாள். வேறு பேச்சு இல்லை. அந்த வீட்டில் வருடக்கணக்காகச் சிரிப்பு கேட்ட நேரம் அது.

எனக்குத் தாங்கவில்லை. “மனசு விட்டுப் போவாத லாத்தா, மச்சான் ஒன் கண்ணு முன்னாடி இருக்காங்கல்ல” என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வாய்ச் சோற்றை ஸ்பூனில் அள்ளிக்கொண்டே, மீன் விலை சொல்வதுபோலச் சொன்னாள்: “போன்ல இருந்தவங்க மௌத்தாப் போயிட்டாங்கடி. இவங்க இருக்காங்க.”

மச்சான் சுவரைப் பார்த்தபடி மென்றுகொண்டிருந்தார். அவருக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது, நாம் பேசுவதெல்லாம் புரியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.